எதிரே நின்றவன்

குக்கர் இரண்டாவது விசில் அடிப்பதற்குள் சபாபதி ஓடிவந்து அடுப்பை அணைத்தான். பிறகு மின்விசிறியை நிறுத்தினான். மலர்க்கொடி கையில் கரண்டியோடு அவனையே பார்த்தாள்.

"வந்துட்டான்," என்றான் அடிக்குரலில். "எதிர்ல, கரண்ட் கம்பத்துக்கிட்ட."

யார் என்று அவள் கேட்கவில்லை. ஜன்னலை விரல் அளவு திறந்து பார்த்தாள். ஜெயப்பிரகாஷ்தான். முன்பு பைக் கடன் கொடுத்த பைனான்ஸ் கம்பெனியின் வசூல்காரன்.

அப்போது அவர்கள் கடலூர் முதுநகரில் குடியிருந்தார்கள். சபாபதி வேலை பார்த்த கம்பெனியை ஒரே நாளில் மூடிவிட்டார்கள். அடுத்த பதினோரு மாதம் தவணை கட்ட வழியில்லை.

ஜெயப்பிரகாஷ் ஒரு நாளும் திட்டியதில்லை, கதவைத் தட்டியதுகூட இல்லை. காலையில் வந்து எதிரே நிற்பான், அவ்வளவுதான். வீட்டில் ஆளே இல்லாததுபோல் இவர்கள் விசிறி, டிவி, குக்கர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க உள்ளே உட்கார்ந்திருப்பார்கள்.

சிதம்பரத்துக்கு வந்து, இன்னொருவரின் லோடு ஆட்டோவை ஓட்டி, அந்தக் கடனை அபராதத்தோடு அடைத்து இரண்டு வருடம் ஆகிறது. அதன்பிறகு ஒரு மிக்சி, ஒரு போன் என்று சின்னதாகத் தவணையில் வாங்கி, நாள் தவறாமல் கட்டி, விழுந்து கிடந்த சிபில் ஸ்கோரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருந்தான். ஆனாலும் வாசலில் பைக் வந்து நிற்கும் சத்தம் கேட்டால் அவன் கை தானாக ஸ்விட்சுக்குப் போகும்.

இன்று பதினோரு மணிக்கு வங்கியிலிருந்து வீடு பார்க்க வருகிறார்கள். சொந்தமாக ஒரு லோடு ஆட்டோ வாங்குவதற்கான கடன். இதற்கு முன் மூன்று வங்கிகள் முடியாது என்று அனுப்பிவிட்டன.

"கடன் முடிஞ்ச சர்ட்டிபிகேட்டு இருக்குல்ல? என்ன வேணும்னு போயி கேளுங்களேன்," என்றாள் மலர்க்கொடி.

"கேட்டு, அவன் சத்தம் போட்டா? அந்த நேரம் பாத்து பேங்க்காரங்க வந்துட்டா? இதோட போச்சு மலரு."

"இந்த வீடு அவருக்கு எப்புடித் தெரியும்?"

"நான்தான் சொன்னேன். வீடு மாறுனப்ப."

"நல்ல ஆளு போங்க. போலீசுக்குப் பத்திரிக வச்சு அழைச்ச திருடன் மாரி."

அவள் மறுபடி எட்டிப் பார்த்தாள். "பைக்கக் காணும். கையில பையும் இல்ல. போன் அடிச்சிக்கிட்டே கெடக்கு, எடுக்காம கட் பண்றாரு. வெயில்ல நிக்கிறாரே, ஒரு சொம்பு தண்ணி குடுத்துட்டு வரவா?"

"உனக்கென்ன பைத்தியமா?"

மலர்க்கொடி மாதந்தோறும் வடலூர் தருமசாலைக்குப் போய்ப் பந்தியில் சோறு பரிமாறிவிட்டு வருகிறவள். வெயிலில் நிற்பவர் யார் எவர் என்று பார்க்க அவளுக்குத் தெரியாது.

பதினொன்றுக்கு ஒரு ஸ்கூட்டர் வந்தது. வங்கி அதிகாரி, இளம் பெண். அவள் நேராக வீட்டுக்கு வரவில்லை. கடன் கொடுக்கும் முன் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது அவர்கள் வழக்கம். தெருவில் நின்றதோ ஒரே ஓர் ஆள்.

ஜெயப்பிரகாஷ் கையை நீட்டி இந்த வீட்டைக் காட்டுவதை சபாபதி ஜன்னல் இடுக்கில் பார்த்தான். அவன் ஏதோ சொல்லச் சொல்ல, அவள் காகிதத்தில் குறித்துக்கொண்டாள்.

"ஏன் சார் புழுக்கத்துல உக்காந்திருக்கீங்க, கரண்ட் இல்லியா?" என்றபடி அவள் உள்ளே வந்தாள். மலர்க்கொடி அவசரமாக விசிறியைப் போட்டாள்.

"எதிர்ல நிக்கிறவரு உங்களப் பத்தி எல்லாம் சொன்னாரு."

"மேடம், அது வந்து..."

"வேல போயி பதினோரு மாசம் கட்ட முடியாமப் போனது எங்க ரிப்போர்ட்லயும் இருக்கு. ஆனா வீடு மாறுனப்ப தானே போன் பண்ணிப் புது அட்ரஸ் சொன்ன ஒரே ஆளு நீங்கதானாம். 'நம்பிக் குடுங்க மேடம்'னாரு." அவள் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பைலை மூடினாள். "ஓகேன்னு எழுதிடுறேன். அடுத்த வாரம் வந்து கையெழுத்துப் போடுங்க."

ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியதும் சபாபதி கதவை அகலத் திறந்து வெளியே போனான். இத்தனை வருடம் கனவில் வந்த முகத்தை முதல்முறையாகப் பக்கத்தில் பார்த்தான். நான்கு நாள் தாடி. பல நாள் தூங்காத கண்.

பின்னாலேயே சொம்போடு வந்த மலர்க்கொடி தண்ணீரை நீட்டினாள். ஜெயப்பிரகாஷ் ஒரே மூச்சில் குடித்தான்.

"எதுக்கு சார் வந்தீங்க? அந்தக் கடன்ல ஏதாவது பாக்கி..."

"பாக்கியெல்லாம் ஒண்ணும் இல்ல சார். கம்பெனியில என்னை வேலைய விட்டு அனுப்பி ஏழு மாசம் ஆச்சு." சட்டைப் பையில் போன் அடித்தது. அவன் திடுக்கிட்டுக் கையால் அழுத்திக்கொண்டான். "விடியறதுக்குள்ள பஸ் ஏறிட்டேன். எங்க போறதுன்னு தெரியல. எனக்குத் தெரிஞ்ச வீடெல்லாம் நான் போயி நின்ன வீடுங்கதான்."

"அப்ப உள்ள வர வேண்டியதுதானண்ணே, ஏன் வெயில்லயே நின்னீங்க?" என்றாள் மலர்க்கொடி. "வாங்க, சோறு ஆயிடும்."

அவன் செருப்பைக் கழற்றினான். வாசல்படி ஏறாமல் தெருவின் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்தான்.

"சாயந்திரம் வரைக்கும் இங்கயே இருந்துக்கட்டுமா சார்? எங்க வீட்டு வாசல்ல ஆளு நிக்குது."