தேய்த்தால் உதிராத முடிச்சு

வேரைத் தாக்கும் நூற்புழுவை ஆய்வு செய்ய வந்த பெண், பிடுங்கிய தக்காளிச் செடியின் வேரை வாளித் தண்ணீரில் அலசுகிறாள். வெயிலில் தக்காளிச் செடிகள் தலை தொங்கி நிற்கின்றன. நடுவில் முளைத்த களை மட்டும் பச்சைப்பசேலென்று கிடக்கிறது. அதையும் ஒன்று பிடுங்கி அலசுகிறாள். இரண்டு வேரிலும் மணி மணியாக ஒரே மாதிரி முடிச்சுகள். தோட்டக்காரர் முகம் மலர்ந்து குனிகிறார். "பயறு வேர்ல வருமே, மண்ணுக்குச் சத்து சேர்க்கிற முடிச்சு, அதுதானே? நாத்தங்கால்லயும் பார்த்தேன். சந்தோஷத்துல எனக்குத் தலைகால் புரியல. செடி வாடுறது வெயிலாலதான்." அவள் வேரை அவர் கையில் வைக்கிறாள். "பயறு முடிச்சு தேய்ச்சா உதிர்ந்துரும். இதைத் தேய்ச்சுப் பாருங்க." கட்டைவிரலால் தேய்க்கிறார். மண் கரைகிறது, வேரின் தோல் உரிகிறது, முடிச்சு உதிரவில்லை. "வேரே வீங்கிக் கிடக்கு. உள்ளே புழு. செடியைப் பிடுங்கினாலும் களையில குடியிருக்கும். ஒருதடவை மண்ணுல இறங்கிட்டா லேசுல போகாது. இந்த நாத்து வேற எங்கயாவது போயிருக்கா?"

அவர் போனை எடுத்து அக்காவை அழைக்கிறார். ஸ்பீக்கரில் தண்ணீர் ஓடும் சத்தம் முதலில் கேட்கிறது. "அக்கா, நான் குடுத்தனுப்பின நாத்து..." என்று இழுக்கிறார். "நட்டு முடிச்சாச்சுடா. இப்பத்தான் தண்ணி பாயுது. நீ சொன்ன மாதிரியே வேரெல்லாம் முடிச்சு. கைராசிக்காரன்டா நீ." வாளியில் சேறு அடங்கித் தண்ணீர் தெளிகிறது. அவருடைய கட்டைவிரல் இன்னும் தேய்த்துக்கொண்டிருக்கிறது.