மூன்றாவது கட்டம்

அக்காவின் நெற்றியில் இப்போதுதான் போட்ட ஏழு தையல். பக்கத்தில் தம்பி. அவனுடைய நீலக்கோடு போட்ட சட்டையில் ரத்தக்கறை. கீழ்ப்பக்கம் வேறு தாறுமாறாகக் கிழிந்திருந்தது.

டாக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. போன வாரம் இதே நாற்காலியில் உட்கார்ந்து அந்த அக்கா கெஞ்சாத கெஞ்சல் இல்லை.

“மூணு மாசமா சுவத்துல காதை வச்சுக்கிட்டே கிடக்கிறான் டாக்டர். உள்ளேர்ந்து யாரோ திட்டறாங்களாம். வேலையும் போச்சு. மாத்திரையைத் தொடமாட்டேங்கிறான். எப்படியாவது சேர்த்துக்குங்க!”

சம்மதமில்லாத ஆளை மனநல வார்டில் சேர்க்கப் படிவத்தில் மூன்று கட்டம். உயிரை விடப் பார்த்தாரா? சோறு தண்ணீர் இல்லாமல் கிடக்கிறாரா? யாரையாவது தாக்கினாரா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்றுதான் எழுத வேண்டியிருந்தது. சட்டம் அப்படி.

“அப்போ யாருக்காவது ரத்தம் வந்தாத்தான் சேர்ப்பீங்களா?” என்று கேட்டுவிட்டு, தம்பியின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

இன்று வந்துவிட்டது ரத்தம்.

“எதால அடிச்சார்?”

“நாற்காலியைத் தூக்கி...” அக்கா தரையைப் பார்த்தபடி சொன்னாள். “தடுக்கப் போனேன். அதுல சட்டை கிழிஞ்சுடுச்சு.”

தையல் போடுமுன் காயத்திலிருந்து அவிழ்த்த கட்டுத்துணியை நர்ஸ் குப்பைக் கூடையில் போட்டாள். ரத்தத்தில் ஊறிய, நீலக்கோடு போட்ட துணி. டாக்டரம்மா மேஜையில் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

“நீங்களா கையெழுத்துப் போட்டுச் சேர்றீங்களா?” என்று தம்பியைக் கேட்டார்.

“எனக்கு ஒண்ணுமில்ல. மாட்டேன்.”

“அக்காவை அடிச்சீங்களா?”

அவன் அக்காவின் தையலையே பார்த்தான்.

“ஆமா. நான்தான்.”

மூன்றாவது கட்டத்தில் டிக் விழுந்தது. அவ்வளவுதான் வேலை! போன வாரமே இதைப் போட்டிருந்தால் இந்தப் பெண்ணின் மண்டை தப்பியிருக்குமே என்று டாக்டரம்மா நொந்துகொண்டார்.

வார்டு வாசலில் காவலாளி கையைப் பிடித்ததும் தம்பி திமிறவில்லை. அழுதுகொண்டு நின்ற அக்காவின் காதருகே குனிந்தான். பின்னால் வந்த டாக்டரம்மாவுக்கும் அது கேட்டுத் தொலைத்தது.

“அடுத்த தடவை நீயா போய்க் கதவுல இடிச்சுக்காதக்கா. சொல்லு, நானே அடிச்சுடறேன்.”