கொஞ்சம் முந்திச் சொன்னது

மச்சினன் கல்யாணத்துக்கு, இறந்துபோன அண்ணனின் பழைய ஜீப்பைக் கேட்டு வந்தான் வினோத்ராஜ். அதன் ஸ்டியரிங்கை அண்ணனைத் தவிர யாரும் தொட்டதில்லை.

“இன்ஜின்ல ஹெட் கேஸ்கெட் போயிருச்சே தம்பி, ஓட்டுனா கொதிச்சிரும்,” என்றாள் அண்ணி எப்சிபா.

“அண்ணனும் எப்பக் கேட்டாலும் இதத்தான் சொன்னாக. அதான் தேனியில புதுசு வாங்கியாந்துட்டேன் மதினி. நானே மாத்திர்றேன்.”

எப்சிபாவுக்கு முகம் வெளிறியது.

இன்ஜினைத் திறந்தவன் நிமிர்ந்தான். “பழசு நல்லாத்தான இருக்கு! சொந்தக்காரவுகளுக்குக் குடுக்க மனசில்லாம பத்து வருசமாப் பொய்யா?”

எப்சிபா தலைகுனிந்தாள்.

வாங்கியது வீணாகக் கூடாதென்று புதியதையே மாட்டி, போல்ட்டுகளைத் தோன்றியபடி முறுக்கி, ஜீப்பைக் கிளப்பினான். தெருமுனையை எட்டுவதற்குள் கேஸ்கெட் போய், இன்ஜின் கொதித்து வெள்ளைப் புகை கக்கியது.

தள்ளிக்கொண்டு திரும்பியவனிடம் எப்சிபா தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள்.

“உங்க அண்ணன் பொய் சொல்ல மாட்டாக தம்பி. கொஞ்சம் முந்திச் சொல்லிட்டாக.”