கூட்டத்துக்கு வெளியே ஒரு வாக்கு

"உங்களை ஆர் உந்த வேலைக்குப் போகச் சொன்னது?"

கூட்ட மண்டபத்தின் கதவு பின்னால் சாத்திக்கொண்டதும் ஜெயமலர் தன் கணவரிடம் கேட்ட முதல் கேள்வி அது. வெளியே நடைகூடத்து வாங்கில் உட்கார்ந்து இரத்தினவேல் காத்திருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வந்தவர். மதிய இடைவேளையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்போது போடுகிற செம்மஞ்சள் மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. நெஞ்சில் யாரோ ஒரு பிள்ளை ஒட்டிவிட்ட டைனோசர் ஸ்டிக்கர்.

"இரும். தேத்தண்ணி குடியும்."

"எனக்கு வேண்டாம்."

இருபத்தொரு பேர் கொண்ட கல்விச் சபையில் ஜெயமலர் ஓர் உறுப்பினர். இன்று பின்னேரக் கூட்டத்தில் ஒரே ஒரு விடயம். வோபர்ன் பகுதியில் இருக்கும் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தின் ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புகளைப் பெரிய வீதிக்கு அந்தப் பக்கம் உள்ள பெரிய பள்ளிக்கூடத்துக்கு மாற்றுவதா, இல்லையா? மாற்றினால் சின்னப் பள்ளிக்கூடத்தில் மதிய மேற்பார்வைக்கு ஓர் ஆள் குறையும். கடைசியாகச் சேர்ந்தவர்தான் போக வேண்டும். கடைசியாகச் சேர்ந்தவர், மூன்று வாரத்துக்கு முன் சேர்ந்த இரத்தினவேல்.

கணவரின் சம்பளம் சம்பந்தப்பட்ட விடயம் என்றால், உறுப்பினர் அதைச் சபைக்கு அறிவித்துவிட்டு, பேசாமல், வாக்களிக்காமல் எழுந்து வெளியே போக வேண்டும். அதுதான் சட்டம். ஜெயமலரும் அறிவித்தாள், எழுந்து வந்தாள்.

"வீட்டுக்கு முன்னாலேயே ஒரு பள்ளிக்கூடம் இருக்க, ரெண்டு பஸ் மாறி அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில போய்ச் சேர்ந்தீங்கள்."

"அந்தப் பள்ளிக்கூடத்திலதான் ஆள் தேவையெண்டவை."

"இண்டைக்குப் பேச மூண்டு பக்கம் எழுதி வச்சிருந்தன். அந்தப் பிள்ளையள் மாறத்தான் வேணும் எண்டு. அங்க ஆய்வுகூடம் இருக்கு, மியூசிக் அறை இருக்கு. இஞ்ச எட்டாம் வகுப்புப் பிள்ளை மெழுகுதிரி கொளுத்தி வச்சுச் சயன்ஸ் படிக்குது. இதைச் சொல்லத்தானே நான் வீடு வீடாக் கதவு தட்டி உள்ளுக்க வந்தனான்?"

தேர்தல் நேரம் அந்தக் கதவுகளை அவளோடு சேர்ந்து தட்டியது ஸ்டெபனி என்பது இரண்டு பேருக்கும் தெரியும். மகன் கல்கரிக்குப் போன பிறகு ஞாயிறு மத்தியானம் அவர்கள் வீட்டுச் சோற்றுக்கு வருகிறவர்கள் ஸ்டெபனியும் அவள் மகள் லக்சிகாவும்தான். லக்சிகாவுக்குப் பதினொரு வயது. அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள்; அங்கிருந்து அவளை மாற்றக் கூடாது என்பது ஸ்டெபனியின் விருப்பம். ஜெயமலர் எந்தப் பக்கம் என்று ஸ்டெபனி ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய விடயமாகவே அவளுக்குத் தோன்றவில்லை. ஜெயமலரும் சொல்லவில்லை. சொல்லாமல் இரண்டு மாதம் நித்திரை கொள்ளவும் இல்லை.

சுவரில் இருந்த திரையில் கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டெபனி ஒலிவாங்கிக்கு முன்னால் வந்தாள். பொதுமக்களில் ஒருவருக்கு மூன்று நிமிடம். ஆறு வழி வீதியை மகள் தனியாகக் கடக்க வேண்டும், தான் விடிய ஐந்து மணிக்கே வேலைக்குப் போகிறவள் என்றாள். இரண்டு நிமிடத்திலேயே குரல் உடைந்து, நன்றி சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

ஜெயமலர் கையை நீட்டித் தேத்தண்ணியை வாங்கினாள். குடிக்கவில்லை.

வாக்கெடுப்பு நடந்தது. மாற்ற வேண்டும் என்று பதினொரு பேர், வேண்டாம் என்று ஒன்பது பேர்.

"நான் இல்லாட்டியும் பதினொண்டு வருமெண்டு அண்டைக்கே எண்ணிச் சொன்னனான்," என்றாள் ஜெயமலர்.

"ஓம். சாப்பிடேக்க சொன்னனீர்."

கதவு திறந்தது. ஸ்டெபனி நேரே வந்து ஜெயமலரைக் கட்டிக்கொண்டாள்.

"அன்ரி, நீங்கள் உள்ளுக்க இருந்திருந்தா எங்களுக்காகக் கதைச்சிருப்பியள். எனக்குத் தெரியும்."

"ஸ்டெபனி, நான்..."

"முதல் இதைக் குடி பிள்ளை," என்று இரத்தினவேல் மனைவியின் கையிலிருந்த கோப்பையை வாங்கி ஸ்டெபனியிடம் கொடுத்தார். "செப்டெம்பரில இருந்து லக்சிகாவை றோட்டுக் கடத்தி விடுறது என்ர பொறுப்பு. எனக்கு அப்ப வேலையும் இராது. உடுப்பு மட்டும் இருக்கு."

அவர் மேலங்கியைத் தட்டிக் காட்ட, ஸ்டெபனி அழுகையோடு சிரித்தாள். மகளைக் கூட்டிவர நேரமாகிவிட்டது, ஞாயிறு வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் படியிறங்கி மறையும்வரை ஜெயமலர் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஞாயிறு வரேக்க உண்மையைச் சொல்லப்போறன். எத்தினை நாளைக்கு ஒளிக்கிறது?"

"சொல்லும். சோறு போட்டுப்போட்டுச் சொல்லும். கோவிப்பாள், அழுவாள், பிறகு ரசம் கேப்பாள். இண்டைக்கு அவ்வளவு சனத்துக்கு முன்னால நீர் மைக்கில சொல்லக் கேட்டிருந்தாளெண்டா, எங்கட படி திரும்ப ஏறியிராள்."

ஜெயமலர் திரும்பி அவரைப் பார்த்தாள். இரத்தினவேல் குனிந்து, நெஞ்சிலிருந்த டைனோசரின் வாலை விரலால் அழுத்தி ஒட்டினார்.

"கோவிக்காதையும். வீட்டுக்கு முன்னால இருக்கிற பள்ளிக்கூடம்தான் முதல் கூப்பிட்டது. பெண்சாதி கூட்டத்தில இருந்து எழும்பி வெளியில வாறதெண்டா புருசன் எங்க வேலை செய்யவேணும் எண்டு ஒரு லோயரிட்டக் கேட்டுப்போட்டு, நான்தான் லக்சிகாவின்ர பள்ளிக்கூடத்தைத் தாங்கோ எண்டு வாங்கினனான்."