பின்லாந்து மாதிரி மாப்பிள்ளை

கல்வி இலாகா அதிகாரி நாகேஸ்வரன் விமானமேறிப் பின்லாந்து போய்வந்ததிலிருந்து ஸ்ரீவராகம் தெருவில் யார் காதுக்கும் ஓய்வில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலும் அதே முழக்கம்தான்.

"அங்கே பள்ளிக்கூடங்கள் உருப்பட்டதற்குக் காரணம் வாத்தியாருக்கு இருக்கும் மதிப்பு. பெண்ணைப் பெற்றவர்கள் வாத்தியார் வரனுக்குத்தான் அலைகிறார்கள். நாமும் மாறவேண்டும்."

தன்னைக் கேட்காமல் தெருவில் ஒரு கல்யாணமும் நடக்கக்கூடாது என்று நினைக்கும் வாலாம்பாள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டாள். திங்கட்கிழமை காலையில் அவர் வீட்டில் நின்றாள்.

"அண்ணா, உங்க பொண்ணு விஜிக்கு ஒரு வரன். கிழக்கேகோட்டைப் பக்கம் ஸ்கூல்லே ஸாராக்கும். உங்க பேச்சைக் கேட்டப்புறம்தான் எனக்குத் தைரியமே வந்தது."

நாகேஸ்வரனுக்குக் காப்பி புரையேறியது.

"வாத்தியாரா? செக்ரடேரியட்டிலே ஒருத்தனும் அகப்படலையா?"

"பின்லாந்திலே..."

"அது பின்லாந்து. இங்கே ஜாதகம்னு ஒண்ணு இருக்கு. கொண்டா."

வாலாம்பாள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடிகூடப் போடாமல் அதைப் பார்த்தார், நாலு விரலை மடக்கினார், உதட்டைப் பிதுக்கினார்.

"செவ்வாய் தோஷம் கொட்டிக் கிடக்கு. மாமியாருக்கும் ஆகாது. இந்த ஜாதகத்தோட எந்தக் குடும்பம் சம்பந்தம் பண்ணும்?"

"மெதுவாப் பேசுங்கோ, அண்ணா" என்றாள் வாலாம்பாள். "பையன் ஜாதகம் இன்னும் என் பையிலேதான் இருக்கு. இது மன்னி கொடுத்தனுப்பின நம்ம விஜி ஜாதகம். பிள்ளையாத்துக்காரா பார்த்துட்டு, பத்துக்கு ஒன்பது பொருத்தம்னு திருப்பிக் கொடுத்தா. நீங்க சொன்னது அவா காதிலே விழுந்துடப் போறது."