சுவரில் ஒரு கோயில்

ஹோர்சன்ஸ் அகதி முகாமின் சாப்பாட்டு மண்டபத்தில் பகல் இரண்டு மணிக்கே யன்னல் சீலைகளை இழுத்து மூடியிருக்கிறார்கள். டேனிஷ் படிப்பிக்கிற இங்கர், கலவரத்துக்கு முன்னர் யாழ்ப்பாணம் போய் எடுத்த படங்களைச் சுவரில் காட்டுகிறாள். ஸ்லைட் மெஷின் ‘கிளக்’ என்கிறது. பட்டினத்துப் பழைய கோயிலின் கோபுரம் எழும்புகிறது. இன்னொரு கிளக். உள்மண்டபம், எண்ணெய் குடித்த தூண்கள், ஐயருக்குப் பக்கத்தில் சேலை கட்டிச் சிரிக்கும் இங்கர். வல்லிபுரம் கண் வெட்டாமல் பார்க்கிறான். அவனுடைய சாதி ஆட்களை அந்த வாசல் தாண்ட விட்டதில்லை. முப்பது வருசம் வெளிவீதியில் நின்று கும்பிட்டவன், உள்பக்கத்தை இந்த வெள்ளைக்காரியின் புண்ணியத்தில் இன்றைக்குத்தான் காண்கிறான்.

“நீங்களும் இங்கே போவீர்களா?” என்று இங்கர் கேட்கிறாள். “ஓம், நாங்கள் எல்லாரும்,” என்கிறார் பரமலிங்கம், இங்கிலீசில். வல்லிபுரத்தோடு ஒரே அறையில் படுத்து, மத்தியானம் ஒரே சட்டியில் சோறு போட்டுத் தின்றவர். வாய்க்கு வாய் ‘தம்பி’ என்பவர்.

கிளக். மூலஸ்தானம். தீப வெளிச்சத்தில் சாமி. எல்லாரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு எழும்புகிறார்கள். வல்லிபுரமும் கழற்றுகிறான், தன்னை மறந்து ஓரடி முன்னுக்கு வைக்கிறான். அவன் தலையின் நிழல் சாமியின் மேல் விழுகிறது.

“டேய்! தள்ளி நில்லடா,” என்கிறார் பரமலிங்கம்.

படத்தை மறைக்கிறது என்றுதான் சொல்கிறாராக்கும் என்று நினைத்து இங்கர் சிரிக்கிறாள். வல்லிபுரம் பின்னுக்குப் போகிறான். கடைசிக் கதிரையையும் தாண்டி, கதவுக்கு வெளியே குளிர் நிலத்தில் வெறுங்காலோடு நின்று, அங்கிருந்து கும்பிடுகிறான்.