கருப்புத் தவளை, வெள்ளித் தகடு

“கழட்டிக் குடுடா. இந்த வெளிச்சத்துக்கு இது ஆவாது” என்று தூண்டிலில் தொங்கிய ரப்பர் தவளையைக் காட்டிக் கையை நீட்டினான் பிலவேந்திரன்.

ஜானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடிந்ததிலிருந்து இதே பாட்டுதான்.

“இப்பதானடா கருப்புத் தவளதான் சரின்னு சொன்ன?”

“அப்ப மேகமூட்டம். மலையில மழ பேஞ்சு தண்ணி வேற கலங்கிக் கெடக்கு. கலங்குன தண்ணி, கம்மி வெளிச்சம்னா கருப்புதான் மீன் கண்ணுக்குத் தெரியும். இப்ப வெயில் வந்துடுச்சு இல்ல? வெள்ளித் தகடு போட்டாதான் மின்னும்.”

பேச்சென்னமோ வாத்தியார் பேச்சுதான். மீன்தான் மாட்டுகிற வழியைக் காணோம்.

பிலவேந்திரனின் தூண்டில் பெட்டியைத் தெரியாதவர்கள் வடக்கனந்தல் ஏரிப் பக்கம் கிடையாது. ரப்பர் தவளை, தகடு, பொய் மீன் என்று ஆசை ஆசையாய்ச் சேர்த்து வைத்திருப்பவன். பெண்டாட்டி உபகாரமேரியைக்கூடத் தொடவிட மாட்டான். அப்பேர்ப்பட்டவன், சிநேகிதன் கேட்டதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

ஜான் கேட்டது பெண்டாட்டி எஸ்தருக்காக. ஆபரேஷன் பண்ணித்தான் குழந்தையை எடுத்தார்கள். நேற்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தாள். சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டவள், ராத்திரி தானாகவே, “ஏரி விரால் கொழம்புன்னா ரெண்டு வாய் துண்ணுவேன்” என்று சொல்லிவிட்டாள். புண் ஆறுவதற்கு விராலை விட்டால் வேறென்ன இருக்கிறது? மார்க்கெட்டில் கிடைப்பதெல்லாம் தொட்டியில் வளர்த்த விரால். “மத்தியானத்துக்குள்ள கொண்ணாந்துடறேன்” என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தான் ஜான்.

மீன் இல்லாமலும் இல்லை. கோரைப்புல் ஓரமாக, முழங்கை நீளத்துக்கு ஒரு விரால். போடும்போதெல்லாம் தொபுக்கென்று வந்து அடித்தது. இழுத்தால் தூண்டில் நரம்பு மட்டும் வெறுமனே வந்தது. கைக்கெட்டினது வாய்க்கெட்டவில்லை என்றால் யாருக்குத்தான் இருப்புக் கொள்ளும்?

“இங்க வாணாம்டா. மதகாண்ட போய்டலாம்” என்றான் பிலவேந்திரன். அதையும் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான்.

“கண்ணெதிர்ல அடிக்குது. இத வுட்டுட்டு அங்க போய் இன்னாத்தப் புடிக்கிறது? நீ தகட்டக் கட்டு.”

பிலவேந்திரன் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்து கட்டினான். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் கட்டினான். ஏதோ தொழில் ரகசியம் போலிருக்கிறது என்று ஜானும் விட்டுவிட்டான்.

தகடு போய் விழுந்தது. தொபுக்! ஜான் வெடுக்கென்று இழுத்தான். ஒன்றுமில்லை.

போன் அடித்தது. எஸ்தர்.

“இன்னாங்க, கெடச்சுதா? அம்மா மசாலா அரைச்சு வெச்சுட்டாங்க.”

“தோ... வந்துக்கினே இருக்கேன்.”

போனை வைப்பதற்குள் வெயில் மறுபடியும் மேகத்துக்குள் போய்விட்டது. “மஞ்சத் தவளைக்கு மாத்திடலாமா?” என்று ஆரம்பித்தான் பிலவேந்திரன்.

ஜான் தூண்டிலைக் கொடுக்கவில்லை. தகட்டைக் கையில் பிடித்துத் திருப்பிப் பார்த்தான்.

கொக்கியில் முனையே இல்லை. கட்டிங் பிளேயரால் நறுக்கிய இடம் புதுசாய்ப் பளபளத்தது.

பெட்டியைப் பிடுங்கித் திறந்தான். கருப்புத் தவளை, மொட்டை. காலையில் முதலில் போட்ட பச்சைத் தவளை, அதுவும் மொட்டை.

“அடப்பாவி! கூடவே இருந்து குழி பறிச்சியா?”

பிலவேந்திரன் தலையைக் குனிந்துகொண்டான்.

“சொல்றா! பச்ச உடம்புக்காரி வூட்ல காத்துக்கினு கெடக்கா. அவ வாய்க்கு ஒரு மீனு போவக் கூடாதுன்னா கொக்கிய வெட்டுன?” ஜான் வாயில் வந்ததைக் கொட்டிவிட்டான். “உன் வூட்ல தொட்டில் ஆடலன்னா, அடுத்தவன் வூட்டுத் தொட்டிலப் பாத்து வயிறு எரியுதா?”

சொன்ன பிறகுதான் உறைத்தது. பிள்ளை வரம் கேட்டு உபகாரமேரி வேளாங்கண்ணிக்கு நடந்தே போய் வந்தவள். மாதாவே, என்ன வார்த்தை சொல்லிவிட்டோம்!

பிலவேந்திரன் ஜானின் தோளைப் பிடித்துக் கோரைப்புல் பக்கம் திருப்பினான்.

“இப்ப வெயில் இல்ல, கண்ணு கூசாது. நல்லா பாரு.”

தண்ணீரின் மேல்மட்டத்தில் செக்கச்செவேலென்று என்னவோ பொடிப்பொடியாய்த் துள்ளிக்கொண்டிருந்தது. குஞ்சுகள்! கும்பலாக மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு உள்ளே போயின. அவற்றுக்கு அடியிலேயே ஒரு கருத்த முதுகு, சுற்றிச் சுற்றி வந்தது.

“குஞ்ச வெச்சிக்கினு இருக்குற விராலு எதப் போட்டாலும் பாஞ்சு அடிக்கும்டா. கிட்ட எவனும் வரக் கூடாதுன்னு அடிக்கும். வந்ததுமே பாத்துட்டேன்.”

“அப்ப கருப்பு, வெள்ளின்னு நீ சொன்னதெல்லாம்?”

“வேற மீனுக்கு அது நெசம்தான். இதுக்கு, சும்மா நேரத்த ஓட்டுனேன். நீ சலிச்சுப் போய் எடம் மாறுவன்னு பாத்தேன்.”

“என்னாண்ட சொல்லியிருக்கலாம்ல?”

“நீ இருந்த வெறியில? சொல்லியிருந்தா குஞ்சு நடுவுலயே போட்டிருப்ப.”

ஜான் கோரைப்புல் பக்கம் திரும்பிப் பார்த்தான். சொன்னது சரிதான். போட்டிருப்பான்.

பிலவேந்திரன் பெட்டியின் அடியிலிருந்து ஒரு தவளையை எடுத்து அவன் கையில் வைத்தான். கொக்கி கூராக இருந்தது.

“எஸ்தருக்குன்னு இத வெட்டாம வெச்சிருக்கேன், மதகாண்ட வா. இவள வுட்டுடுடா. இவளும் பச்ச உடம்புக்காரிதான்.”